விலை ‘சோர்’ ஆனால் சோர்ந்துவிடவில்லை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை. வாரத்தில் இரண்டு மாலை அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறாம் படிவம். பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர்கள். வெளிநாட்டுப் படிப்புக்காக ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர்கள் நாலைந்து பேர். போன மாதம் செம்பனை எண்ணெய் (பாமாயில்) விலையின் வரைபடத்தைக் கொடுத்து எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதிய முதல் வரி: “த பிரைஸ் ஸ்கைராக்கெட்டட் ஸ்லைட்லி.”

ஸ்கைராக்கெட் என்றால் தீபாவளிக்கு விடுகிற வாணம். ஸ்லைட்லி என்றால் கொஞ்சமாக. விலை கொஞ்சமாக வாணம் விட்டதாம்! ஏம்மா இப்படி என்று கேட்டேன். “சும்மா ‘வென்ட் அப்’னு போட்டா மார்க் குடுக்க மாட்டாங்க சார். பெரிய வார்த்தையா போடணுமாம்.”

யார் சொன்னார்களோ, இந்தப் பேச்சு ஊர் முழுக்க உலவுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு தாள் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ‘கூடியது’ என்பதற்குப் பதினைந்து சொல், ‘குறைந்தது’ என்பதற்குப் பதினைந்து சொல், எல்லாம் ஒரே பொருள் என்பதுபோல் வரிசை கட்டி நிற்கும். எனக்கு அந்தத் தாள் மேல்தான் கோபம். அந்தப் பதினைந்துக்கும் பொருள் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் இருக்கிறது, ஓர் அளவு இருக்கிறது. சிலவற்றுக்கு ஒரு முகச்சுளிப்புகூட இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரை பிடித்து வெட்டி, மங்குக் கிண்ணத்துப் பாலை வாளியில் சேர்த்து, கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி நிறுத்து எழுதும்வரை நின்ற தலைமுறை. அவர்களிடம் ரப்பர் விலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “லேசா தூக்கியிருக்கு” என்பார்கள். “சர்ருனு ஏறிடுச்சு”, “ஏறி எறங்கி ஆட்டம் காட்டுது”, “சரிஞ்சிகிட்டே வருது”, “படுத்திருச்சு”, “ஒரே எடத்துல நிக்குது”. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டால் அவர்களே சிரித்துவிடுவார்கள். சரிந்துகொண்டே வருவதற்கு மாதக்கணக்கு ஆகும். படுப்பதற்கு ஒரு வாரம் போதும். ‘லேசாகப் படுத்துவிட்டது’ என்று எந்தத் தாத்தாவும் சொல்லமாட்டார்.

பேத்தியும் தமிழில் அப்படிப் பேசமாட்டாள். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தக் காது அடைத்துக்கொள்கிறது. நான் செய்வதெல்லாம் அதைத் திறந்துவிடும் வேலைதான்.

சொல்லுக்குள் ஒரு படம்

முதலில் ‘சோர்’ (soar). நம் காதுக்கு இது பெரிய தொந்தரவு. தமிழில் சோர்ந்தால் தலை தொங்கும். ஆங்கிலத்தில் ‘சோர்’ ஆனால் பருந்து வட்டமிட்டு மேலே போகும். நேர் எதிர்! வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து யாரும் மறப்பதில்லை. விலை உயரே போய், போன உயரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தால் ‘சோர்’ போடலாம். ஒலியில் இதேபோல இருக்கும் இன்னொரு ‘சோர்’ (sore) புண்ணைக் குறிக்கும். எழுத்து மாறினால் விலைக்குப் புண் வந்துவிடும்.

‘சர்ஜ்’ என்பது அலை எழும்பி வருவது. திடீரென்று, பலமாக. “சர்ருனு ஏறிடுச்சு” என்பதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒலியும் உதவும். ஏறியது அப்படியே நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. அலை இறங்கவும் செய்யும். ‘ஸ்கைராக்கெட்’ வாணம். பார்த்தவர் வாய் பிளக்கும் அளவுக்கு ஏறியிருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். செய்தித்தாள் தலைப்பில் நன்றாயிருக்கும். தேர்வுத் தாளில் பாதி நேரம் மிகைதான்.

எதிர்ப்பக்கம் ‘எட்ஜ் அப்’, ‘இன்ச் அப்’. நெரிசல் பேருந்தில் ஒரு பாதம் ஒரு பாதமாக நகர்ந்து உள்ளே போவோமே, அது. விலை மூன்று மாதத்தில் 20 வெள்ளி (ரிங்கிட்) கூடியிருந்தால் இதுதான் சரியான சொல். அந்தப் பெண்ணின் வரியில் ‘ஸ்லைட்லி’ என்ற எண்ணம் தவறில்லை, அதை ஏந்த வேண்டிய வினைச்சொல் இங்கே இருந்தது. ‘எட்ஜ்ட் அப்’ என்றால் ‘ஸ்லைட்லி’யே தேவைப்படாது. நல்ல வினைச்சொல் கிடைத்தால் வினையடைக்கு வேலை போய்விடும் என்பதை நான் அடிக்கடி சொல்வேன், பிள்ளைகளும் அடிக்கடி மறப்பார்கள்.

இறங்குகிற சொற்களில் எனக்குப் பிடித்தது ‘பிளம்மெட்’. கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிடுவார், தூக்குக்குண்டு. பழைய காலத்தில் அது ஈயத்தில் இருக்கும். ஈயத்துக்கு லத்தீனில் பெயர் பிளம்பம். அதிலிருந்து வந்த சொல் இது. குண்டைக் கைவிட்டால் எப்படி விழும்? நேர்க்கோட்டில், நிற்காமல். அப்படி விழுந்தால் மட்டும் ‘பிளம்மெட்’. ‘பிளஞ்ச்’ கிட்டத்தட்ட அதே, ஆற்றில் தலைகுப்புறப் பாய்வது போல.

‘டிப்’ வேறு குணம். ரொட்டி சானாயைக் கறியில் தொட்டு எடுப்பதுதான் டிப். இறங்கியது, உடனே மேலே வந்துவிட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். அப்போது பால் வரத்து குறையும், புது இலை முற்றியதும் திரும்பி வரும். வரைபடத்தில் வருடாவருடம் அதே இடத்தில் ஒரு பள்ளம். அதற்கு ‘சீசனல் டிப்’ என்று பெயர். அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு ‘பிளம்மெட்டட்’ என்று எழுதினால் தோட்டத்துக்காரர் எவரும் நம்பமாட்டார்.

‘டிக்ளைன்’, ‘டுவிண்டில்’ இரண்டும் மெதுவான குறைவு. ஆனால் ஒன்றில் கணக்கு மட்டும் இருக்கிறது, மற்றதில் ஏக்கமும் இருக்கிறது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 530ஐ ஒட்டி. தோட்டங்கள் மூடப்பட்டதும் பள்ளிகள் இணைக்கப்பட்டதும் காரணம். ஆனால் கடைசி இருபது ஆண்டில் அந்த எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. ஆகவே ‘டிக்ளைன்ட் அண்ட் தென் லெவல்ட் ஆஃப்’ என்பது நேர்மையான வரி: குறைந்து, பிறகு ஒரு மட்டத்தில் நின்றது. மலாயாப் புலியின் கதை அப்படியல்ல. 1950களில் 3,000 இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. இன்று காட்டில் 150க்கும் குறைவு. இங்கே ‘டுவிண்டில்’ போடலாம். விளக்கில் எண்ணெய் தீர்ந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சொல் அது.

ஆட்டம் காட்டுவது ‘ஃபிளக்சுவேட்’. லத்தீனில் அலை என்ற சொல்லின் வழி வந்தது. ‘வாலடைல்’ அதற்கு அண்ணன். பறப்பது என்ற வேரில் பிறந்தது, கையில் பிடிக்கமுடியாதது. ஒன்று வினை, மற்றது குணம். விலை ஃபிளக்சுவேட் ஆகும், சந்தை வாலடைலாக இருக்கும். நிற்பதிலும் தரம் உண்டு. ‘ஸ்டெபிலைஸ்’ என்றால் ஆட்டம் நின்று நிலைப்பட்டது, நல்ல செய்தி. ‘ஸ்டாக்னேட்’ என்றால் குட்டைத் தண்ணீர் போல் தேங்கிவிட்டது, கெட்ட செய்தி. ‘பிளாட்டோ’ என்றால் மலை ஏறி மேட்டுச் சமவெளியில் நிற்கிறோம், நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்லாது. கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஒரு வரைபடத்தைக் கையில் எடுப்போம்

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த அதே வரைபடம். கோலாலம்பூர் சந்தையில் செம்பனை எண்ணெயின் முன்பேர விலை, டன் கணக்கில்.

2020 ஜனவரியில் 3,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, உலகமே கடையை மூடியது. மே மாதம் 2,000 ரிங்கிட்டைச் சுற்றி நின்றது. அங்கிருந்து ஏற ஆரம்பித்தது. ஆள் பற்றாக்குறையில் குலை வெட்ட முடியாமல் தோட்டங்கள் தவித்தன, விளைச்சல் குறைந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். சூரியகாந்தி எண்ணெய் வருவது நின்றது. மார்ச்சில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடுத்தது, மே 23இல் தடையை எடுத்தது. தேங்கியிருந்த சரக்கு சந்தையில் கொட்டியதும், செப்டம்பர் கடைசியில் விலை உச்சத்தில் பாதிகூட இல்லை.

இப்போது சொற்களைத் தேடுவோம். ஜனவரியிலிருந்து மே வரை மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது, சில மாதத்தில். ‘ஃபெல் ஷார்ப்லி’ போதும். ‘ஸ்லம்ப்’ என்றாலும் பொருந்தும். அதில் சேற்றில் கால் புதைகிற கனம் உண்டு, சந்தை களைத்துப் படுத்த மாதிரி. மேயிலிருந்து திரும்பியது ‘ரிகவர்’. நோய் தேறி எழுவதற்கும் அதே சொல்தான். பழைய இடத்தைத் தாண்டிப் போனபிறகு அது ரிகவரி இல்லை, ‘சோர்’ ஆரம்பிக்கிறது. மார்ச் உச்சிக்கு ‘பீக்ட் அட்’. இந்த ‘அட்’டை விட்டுவிடாதீர்கள், உச்சி ஒரு புள்ளி, புள்ளிக்கு ‘அட்’. ஆறே மாதத்தில் பாதிக்கும் கீழே விழுந்ததே, அங்கே கொத்தனாரின் குண்டைக் கூசாமல் கைவிடலாம்: ‘பிளம்மெட்டட்’. 2023இல் பெரும்பாலும் 3,500க்கும் 4,000க்கும் அக்கம்பக்கத்தில் ஏறி இறங்கியது, அது ‘ஃபிளக்சுவேட்டட்’.

மூன்று ஆண்டுக் கதையில் பலமான சொல் இரண்டோ மூன்றோதான் வந்தது. ஐயெல்ட்ஸ் எழுத்துத் தேர்வை நான்கு அளவுகோலில் திருத்துகிறார்கள். அதில் ஒன்றுதான் சொல்வளம். அங்கேயும் அரிய சொல்லைப் போட்டதற்காக மட்டும் புள்ளி இல்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லா வரியிலும் வாணம் விட்டால் எது உச்சி என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

இன்னொன்று. விலை ஏறும், ரப்பர் ஏறாது. பசாரில் நாம் “தங்கம் ஏறிப்போச்சு” என்று சொல்கிறோம், எல்லாருக்கும் புரிகிறது. அதே பழக்கத்தில் ‘ரப்பர் இன்க்ரீஸ்ட்’ என்று எழுதினால் ரப்பரின் எதுவென்று கேள்வி வரும். விலையா, விளைச்சலா, பரப்பளவா? எழுவாயில் அதைப் போட்டுவிடுங்கள். அப்புறம், பொருள்தான் எக்ஸ்பென்சிவ், விலை ‘ஹை’. விலையே விலை உயர்ந்ததாக இருக்க முடியாது.

வேற்றுமையும் பிறவினையும்

இந்தப் பகுதி சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் நான் திருத்துகிற தாளில் சிவப்பு மை அதிகம் கொட்டுவது இங்கேதான்.

நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. தமிழில் எப்படிச் சொல்வோம்? “1,500இலிருந்து 1,700க்கு உயர்ந்தது. 200 ரிங்கிட் உயர்ந்தது.” போய்ச் சேர்ந்த இடத்துக்கு ‘கு’ போட்டோம். எவ்வளவு என்பதற்கு எதுவுமே போடவில்லை, வெறும் எண் போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கொக்கி வேண்டும். சேர்ந்த இடத்துக்கு ‘டு’, அளவுக்கு ‘பை’. தமிழில் அளவுக்கு உருபு இல்லாததால் நம் பிள்ளைகள் ‘பை’யை மறந்துவிடுகிறார்கள், அல்லது கைக்கு வந்த ‘டு’வை எடுத்து ஒட்டுகிறார்கள். ‘ரோஸ் டு 200 ரிங்கிட்’ என்று ஒருவன் எழுதினான். மாதச் சம்பளத்தை இருநூறு வெள்ளியாக்கிவிட்டாயே, யூனியன்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்றேன்.

உயர்வைப் பெயர்ச்சொல்லாக்கினால் கொக்கி மாறும். எதில் உயர்வு என்பதற்கு ‘இன்’, எவ்வளவு உயர்வு என்பதற்கு ‘ஆஃப்’. ‘அ ரைஸ் ஆஃப் 200 ரிங்கிட் இன் த மினிமம் வேஜ்.’ வினையடையும் பெயரடையாகும்: ‘ரோஸ் ஷார்ப்லி’ என்பது ‘அ ஷார்ப் ரைஸ்’ ஆகும். ‘கடுமையாக உயர்ந்தது’, ‘கடுமையான உயர்வு’ என்று நாம் ‘ஆக’வை ‘ஆன’ ஆக்குவதுபோலத்தான். ஒரே பத்தியில் இரண்டு வடிவத்தையும் கலந்து எழுதினால், புதுச்சொல் ஒன்றுகூடத் தேடாமல் நடை மாறிக்காட்டும். மலிவான தந்திரம், பலன் அதிகம்.

‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ குழப்பத்துக்குத் தமிழ் இலக்கணமே மருந்து. ஐந்தாம் ஆண்டில் தன்வினை, பிறவினை படித்தோமே. உயர்ந்தது, உயர்த்தியது. ஊதியம் தானே உயர்ந்தால் ‘ரைஸ்’. அரசு அதை உயர்த்தினால் ‘ரெய்ஸ்’. ‘த கவர்மென்ட் ரோஸ் த வேஜ்’ என்று எழுதினால், அரசாங்கம் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டது என்றுதான் ஆங்கிலக் காதுக்கு முதலில் கேட்கும். ‘இன்க்ரீஸ்’ மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும், சந்தேகம் வந்தால் அதன் நிழலில் ஒதுங்கலாம்.

குறைந்தது வேறு, கூடும் வேகம் குறைந்தது வேறு

இந்த ஓர் இடத்தில் செய்தி வாசிக்கிற பெரியவர்களே சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று போவோம்.

2022இல் நம் நாட்டுப் பணவீக்கம் 3.3 விழுக்காடு, 2023இல் 2.5, 2024இல் 1.8. பணவீக்கம் ‘ஃபெல்’ என்று எழுதலாம், சரி. விலைவாசி ‘ஃபெல்’ என்று எழுதினால் பொய். ஒட்டுக்கடையில் தே தாரிக் விலை எந்த ஆண்டாவது இறங்கியதா? கூடிக்கொண்டேதான் போனது, கூடுகிற வேகம்தான் தணிந்தது. லாரி பிரேக் அடித்தால் பின்னால் போவதில்லை, மெதுவாக முன்னாலேயே போகிறது. இதற்கென்று இருக்கிற சொல் ‘ஸ்லோ’. ‘பிரைசஸ் ரோஸ் மோர் ஸ்லோலி.’ அவ்வளவுதான், பெரிய சொல்லே தேவையில்லை.

உலக மக்கள்தொகையும் இதே வடிவம். 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டதாக ஐக்கிய நாடுகள் சபை குறித்தது. 1960களில் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது, இன்று ஒன்றுக்கும் கீழே. வளர்ச்சி விகிதம் சரிகிறது, தலை எண்ணிக்கை ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒரே பத்தியில் இரண்டையும் தவறில்லாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு ‘அட்வான்ஸ்ட்’ என்ற பட்டத்தை நான் தாராளமாகக் கொடுப்பேன், அவன் ஸ்கைராக்கெட்டே போடாவிட்டாலும்.

விழுக்காட்டுப் புள்ளி என்று ஒன்று இருக்கிறது, ‘பெர்சன்டேஜ் பாயின்ட்’. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியர்களில் 70.9 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள், 2020இல் 75.1. கூடியது எவ்வளவு? 4.2 என்பார்கள் எல்லாரும். 4.2 விழுக்காடா என்றால் இல்லை, 4.2 விழுக்காட்டுப் புள்ளி. விழுக்காட்டில் சொன்னால் 70.9இல் 4.2 எத்தனை பங்கு என்று பார்க்கவேண்டும், அது கிட்டத்தட்ட 6. இரண்டு விழுக்காட்டை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வருவது புள்ளி. அவ்வளவுதான் விதி.

உலகப் பிரச்சினை என்ற தலைப்பு வந்தால்

கட்டுரைப் பகுதியில் காலநிலை, குடிப்பெயர்ச்சி, உணவு விலை, காடழிப்பு என்று ஏதாவது வரும். இங்கேயும் ஒரு தாள் சுற்றுகிறது, அதிலும் அதே வியாதி. இந்தச் சொற்கள் வேகத்தைச் சொல்வதில்லை, பொறுப்பைச் சொல்கின்றன: யார் செய்தது, யாருக்கு நேர்ந்தது, எது காரணம், எது எரிகிற தீயில் எண்ணெய்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். ‘ஃபிராக்மென்டேஷன்’ என்ற சொல் இங்கே பழையவர்களுக்குத் தெரியும். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பின. தோட்டத் துண்டாடல் என்று தமிழில் பெயர். வேலையும், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடும் ஒன்றாகப் போயின. அதைத் தடுக்கத்தான் இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். இன்று அதே சொல் வனவிலங்குக் கட்டுரையில் வருகிறது: ‘ஹாபிடாட் ஃபிராக்மென்டேஷன்’, வாழிடம் துண்டாடப்படுவது. காட்டுக்கு நடுவே நெடுஞ்சாலை போனால் யானைக் கூட்டம் இரண்டாகிறது. பாட்டிக்கு நடந்தது யானைக்கு நடக்கிறது, சொல் ஒன்றே.

அடுத்த இணை ‘ரீபிளேஸ்’, ‘டிஸ்பிளேஸ்’. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அது ரீபிளேஸ், ஒன்றின் இடத்தில் இன்னொன்று. செம்பனைக்கு ஏக்கருக்கு ஆள் குறைவாகப் போதும். மீதி ஆட்கள் லயத்தைக் காலிசெய்து பட்டணத்துக்கு ஏறினார்கள். அது டிஸ்பிளேஸ், இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்படுவது. மரம் ரீபிளேஸ் ஆனது, மனிதர் டிஸ்பிளேஸ் ஆனார்கள். ‘மைக்ரேட்’ என்று மட்டும் எழுதினால் அவர்களே விரும்பிப் போனதுபோல் ஆகிவிடும். போரிலும் வெள்ளத்திலும் ஊரைவிட்டு ஓடுகிறவர்களைச் செய்தியில் ‘டிஸ்பிளேஸ்ட்’ என்று சொல்வது அதனால்தான்.

‘காஸ்’ என்பதும் ‘எக்ஸாசர்பேட்’ என்பதும் பலர் தாளில் ஒன்றாகிவிடுகின்றன. 1997லும் 2015லும் நம் வானத்தை மூடிய புகைமூட்டத்தை எடுங்கள். காட்டுக்கும் கரிமண் நிலத்துக்கும் தீ வைத்தது மனிதர். எல் நினோ வறட்சி தீ வைக்கவில்லை. வைத்த தீயை அணையவிடாமல் பரப்பியது. தீ ‘காஸ்’. எல் நினோ ‘எக்ஸாசர்பேட்’ செய்தது. அந்தச் சொல்லின் லத்தீன் வேரில் கசப்பு இருக்கிறது; கசப்பை இன்னும் கசப்பாக்குவது. ஆகவே முன்பே கெட்டதாக இருப்பதை மட்டும்தான் எக்ஸாசர்பேட் செய்ய முடியும். ‘எக்ஸாசர்பேட்டட் த எகானமி’ என்று எழுதாதீர்கள், ‘எக்ஸாசர்பேட்டட் த கிரைசிஸ்’ என்று எழுதுங்கள். இன்னொரு நாட்டில் எரிந்து நம் மூக்கில் ஏறும் இந்தப் புகைக்கு ‘டிரான்ஸ்பவுண்டரி’ என்ற அடைமொழி உண்டு. 2002இல் ஆசியான் நாடுகள் போட்ட ஒப்பந்தத்தின் பெயரிலேயே அது இருக்கிறது.

‘மிட்டிகேட்’ என்றால் தணிப்பது, ‘அடாப்ட்’ என்றால் தகவமைவது. காலநிலைப் பேச்சில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வேலை. கரிப்புகையைக் குறைத்தால் மிட்டிகேஷன். வெள்ளம் வரத்தான் போகிறது என்று வீட்டுத் தரையை இரண்டு அடி உயர்த்திக் கட்டினால் அடாப்டேஷன். ‘அலீவியேட்’ மூன்றாவது. லேசாக்குவது என்று அர்த்தம், வலி, வறுமை, நெரிசல் போன்ற சுமைகளுக்குப் போடவேண்டும். தலைவலி மாத்திரை நோயைத் தீர்க்காது, அலீவியேட் செய்யும்.

‘ஷார்ட்டேஜ்’, ‘ஸ்கேர்சிட்டி’ வித்தியாசத்துக்கு முட்டை போதும். 2022 கடைசியில் இங்கே கடைகளில் முட்டைத் தட்டுப்பாடு. நாமக்கல் முட்டை கப்பலேறி மலேசியாவுக்கு வந்தது. கோழி இருந்தது, தீவனம் விலையேறிக் கணக்கு உதைத்தது. சில மாதத்தில் சரியானது. அது ஷார்ட்டேஜ். நிலத்தடி நீரே வற்றிய பாலைவன நாட்டின் நிலைக்கு ‘வாட்டர் ஸ்கேர்சிட்டி’. கப்பல் வந்தாலும் தீராத பற்றாக்குறை.

நான் தடை போட்டிருக்கிற ஒரே சொல் ‘அன்பிரிசிடென்டட்’. முன் எப்போதும் நடந்திராதது என்று பொருள். கோவிட் வந்தபிறகு எல்லாக் கட்டுரையும் இதில்தான் தொடங்குகிறது. கொள்ளைநோய் புதிதா? 1918 விஷக்காய்ச்சலில் மலாயாத் தோட்டங்களில் செத்தவர்கள் ஏராளம். வெள்ளம் புதிதா? 1926 வெள்ளத்தைப் பற்றிக் கிளந்தானில் இன்னமும் பேசுகிறார்கள். இந்தச் சொல்லை எழுதுமுன் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டு வா என்பேன். “அட, எங்க காலத்துலயும் நடந்துச்சே” என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லை அடித்துவிடவேண்டும். ‘ரேர்’ போடு, ‘செவியர்’ போடு.

காடழிப்பைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல், வகுப்பில் சொன்னால் கண் விரியும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறையில் ரப்பர்த் தோட்டம் ‘ஃபாரஸ்ட்’ கணக்கில் சேரும். செம்பனைத் தோட்டம் சேராது, அது விவசாய நிலம். அப்படியானால் நம் ஊரில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டதெல்லாம் அந்தக் கணக்கில் காட்டின் பரப்பைக் குறைத்ததாகும்! ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டத்தின் ஏழு சரக்குகளில் செம்பனை எண்ணெயும் இருக்கிறது, ரப்பரும் இருக்கிறது. ‘டிஃபாரஸ்டேஷன்’ என்று எழுதும்போது எந்தக் கணக்கில், எந்த ஆண்டிலிருந்து என்று ஒரு வரி சேர்த்தால் கட்டுரைக்கே எடை கூடும்.

போன வியாழன் அந்தப் பெண் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வாணம் போயிருந்தது. “த பிரைஸ் எட்ஜ்ட் அப் இன் ஜூன், சோர்ட் த்ரூ 2021, அண்ட் பீக்ட் அட் ஓவர் 7,000 ரிங்கிட் இன் மார்ச் 2022, பிஃபோர் பிளம்மெட்டிங் பை லெஸ் தன் 3,500.” கடைசியில் ‘பை’ இருந்த இடத்தில் ‘டு’ என்று எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தாத்தா இத ‘பொத்துனு வுழுந்திருச்சு’ம்பாரு சார்” என்றாள்.